சமுர்த்தியிலிருந்து அஸ்வெசுமவுக்கு: பெயர் விடுபட்டவர்கள் என்ன செய்யலாம்?

வன்னிமகள் | 2023 ஜூலை 1

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். சமுர்த்தி உதவிக்குப் பதிலாக வந்திருக்கிற அரசாங்கத்தின் புதிய நலன்புரித் திட்டம்தான் அஸ்வெசும. எங்கள் ஊரில் அதன் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். என் சின்னம்மாவின் பெயர் அதில் இல்லை.

சித்தப்பா இறுதி யுத்தத்தில் போய்விட்டார். வீட்டில் சின்னம்மா, ஏ.எல். படிக்கிற தங்கச்சி, எழுபத்தைந்து வயது அம்மம்மா. சின்னம்மா விடிய முதல் எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். போன வருடம் மா விலை ஏறியதிலிருந்து அதிலும் பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை. சமுர்த்தி பல வருடமாகக் கிடைத்துவந்தது. கொஞ்சக் காசுதான், ஆனால் கடைக்காரர் கடன் தருவதற்கே அந்த அட்டைதான் பிணை மாதிரி இருந்தது.

இருக்கிற வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது. சீமெந்துச் சுவர், ஓட்டுக் கூரை, நிலத்துக்கும் சீமெந்து. உள்ளே ஒரு கட்டிலும் சில பிளாஸ்டிக் கதிரைகளும்தான். கணக்கெடுக்க வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டு போய்விட்டார். எந்த மாதம் வருமானம் வரும், எந்த மாதம் வராது என்று சின்னம்மா சொல்லத் தொடங்கியபோது அதையெல்லாம் பதிய இடமில்லை என்றாராம்.

இனி என்ன செய்வது? மேன்முறையீடு போடலாம் என்கிறார்கள், அதில் என்ன எழுத வேண்டும்? சமுர்த்திக் காசு உடனே நின்றுவிடுமா? தங்கச்சிக்குச் சமுர்த்தி மூலம் வருகிற சிப்தொர புலமைப்பரிசில் என்னவாகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சின்னம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.


தேனாட்டான் | 2023 ஜூலை 1

அக்கா, நான் மட்டக்களப்பு. பட்டதாரிப் பயிலுநராக இருந்தபோது எங்கள் பிரிவில் இந்தக் கணக்கெடுப்புக்குப் போனவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் திகதி. மேன்முறையீட்டுக்கு ஜூலை 10 வரை நீடித்திருக்கிறார்கள். இணையத்திலும் போடலாம், பிரதேச செயலகத்தில் எழுத்திலும் கொடுக்கலாம். எழுத்தில் கொடுத்தால் ஒரு பிரதியில் திகதியோடு முத்திரை வாங்காமல் வராதீர்கள்.

அடுத்தது, இது எப்படி வேலை செய்கிறது என்பது. சமுர்த்தியில் உத்தியோகத்தர் உங்களை அறிவார், அவர் பட்டியல் போடுவார். இங்கே ஆள் பட்டியல் போடுவதில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகள் வைத்திருக்கிறார்கள். நாங்கள் தகவலைப் பதிவோம், புள்ளி மேலே கணிக்கப்படும். எந்த வீடு எந்த வகுப்பில் விழும் என்று பதிகிற எங்களுக்கே தெரியாது. ஒரு அம்மா என் கையைப் பிடித்து "மகன், நல்லதாகப் போடு" என்று அழுதபோது, எதைப் போட்டால் அவருக்கு நல்லதாக முடியும் என்று எனக்கே விளங்கவில்லை.

வகுப்புகள் நான்கு. நிலைமாறு நிலையில் இருப்பவர்களுக்கு மாதம் 2,500 ரூபா, இந்த டிசம்பர் 31 வரை. பாதிப்புக்குள்ளாகக்கூடியவர்களுக்கு 5,000, அடுத்த வருடம் ஜூலை 31 வரை. வறியவர்களுக்கு 8,500, மிக வறியவர்களுக்கு 15,000. இந்த இரண்டும் மூன்று வருடத்துக்கு.

உங்கள் சின்னம்மா வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. சுவர், கூரை, நிலம் மூன்றும் நிரந்தரம் என்று பதிந்திருப்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த வீடு அவர் உழைத்துக் கட்டியதல்ல, நன்கொடையாகக் கிடைத்தது என்பதைச் சொல்ல அந்தப் படிவத்தில் வழியில்லை.

மேன்முறையீட்டில் பட்ட துன்பத்தை எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வாசிக்கிறவர் இரங்குவார், ஆனால் அவர் திருத்த வேண்டியது ஒரு பதிவை. எந்தப் பதிவு பிழை, எது விடுபட்டது என்று காட்டுங்கள். குடும்பத் தலைவி பெண் என்று பதிந்தார்களா? அம்மம்மாவுக்கு நீண்டகால நோய் இருந்தால் கிளினிக் கொப்பியைப் பார்த்தார்களா? மின் பட்டியலை எடுத்துப் பாருங்கள், வளவில் வேறு யாராவது அதே இணைப்பைப் பாவிக்கிறார்களா? மாடு இருந்தால் பால் கறக்கிறதா? இப்படி ஒவ்வொன்றாக.


வன்னிமகள் | 2023 ஜூலை 2

தம்பி, மிகவும் நன்றி. கேட்டுப் பார்த்தேன். அம்மம்மாவுக்குச் சீனி, பிரஷர் இரண்டும் இருக்கிறது. கணக்கெடுக்க வந்த நேரம் அவர் கிளினிக்குக்குப் போயிருந்தார், கொப்பியும் அவரோடு போய்விட்டது. மின்சாரமும் நீங்கள் சொன்ன மாதிரிதான். பக்கத்து வளவில் புதிதாக வந்த குடும்பத்துக்கு இணைப்பு கிடைக்கும்வரை சின்னம்மா வீட்டிலிருந்துதான் வயர் இழுத்திருந்தார்கள். அந்த மாதங்களின் பட்டியலைத்தான் காட்டியிருக்கிறார்.


பழைய உத்தியோகத்தர் | 2023 ஜூலை 2

பிள்ளை, நான் யாழ்ப்பாணத்தில் சமுர்த்தி உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி சொன்ன வழி சரியானது. அதற்கு மேல் சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

இந்த மாற்றம் திடீரென வந்ததல்ல. 1989இல் ஜனாதிபதி பிரேமதாச காலத்தில் ஜனசவிய என்ற வறுமை ஒழிப்புத் திட்டம் வந்தது. 1995இல் சந்திரிகா அரசாங்கம் அதை மாற்றிச் சமுர்த்தி கொண்டுவந்தது. நலன்புரி நன்மைகள் சட்டம் 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம். அதாவது இப்போது பாவிக்கிற சட்டத்துக்கு இருபது வயது தாண்டிவிட்டது. அது தூங்கிக்கிடந்ததற்குக் காரணம் அரசியல். சமுர்த்திப் பட்டியல் கையில் இருந்தால் வாக்கும் கையில் இருக்கும் என்று எல்லாக் கட்சிகளும் நினைத்தன. 2022இல் நாடு விழுந்து, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் 2.9 பில்லியன் டொலருக்கு ஒத்துக்கொண்டபோது, உதவி தேவையானவர்களுக்கே போக வேண்டும், ஆட்களைத் தெரிய வெளிப்படையான முறை வேண்டும் என்ற பேச்சும் சேர்ந்தே வந்தது. அதற்குப் பிறகுதான் அஸ்வெசும இந்த வேகத்தில் ஓடுகிறது.

பழைய முறையில் பிழை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வசதியானவர்கள் வருடக்கணக்காகப் பட்டியலில் இருந்தார்கள். ஒரு பெயரை வெட்டப் போனால் மேலேயிருந்து தொலைபேசி வரும். புதிதாகக் கலியாணம் கட்டிய ஏழைக் குடும்பம் காத்திருக்கும், ஏனென்றால் இடம் காலியாவதில்லை. தொகையும் சிறியது. நெருக்கடிக்கு முன் கூடியது 3,500, குறைந்தது 420 ரூபா. 420 ரூபாவில் யார் வறுமையிலிருந்து எழும்புவது?

ஆனால் ஒன்று இருந்தது. என் பிரிவில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று எனக்குத் தெரியும். ஒருவர் கீழே விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டால் அன்று பின்னேரமே எனக்குச் செய்தி வரும். படிவம் ஒரு நாள் போய் ஒரு நாளின் நிலைமையைப் பதிகிறது. கடலும் மழையும் பார்த்து வாழ்கிற சனத்துக்கு ஒரு நாளின் நிலைமை என்று ஒன்று கிடையாது. சமுர்த்தி உத்தியோகத்தர்கள் இந்தக் கணக்கெடுப்பை எதிர்த்து ஒதுங்கியபோது அவர்கள் வேலை போய்விடும் என்ற பயத்தில் செய்கிறார்கள் என்றார்கள். அந்தப் பயமும் உண்மைதான். ஆனால் ஊரை அறிந்த ஒருவர்கூட இல்லாமல் கணக்கெடுப்பு நடந்தது நல்லதல்ல.

உங்கள் மற்றக் கேள்விகளுக்கு வருகிறேன். சமுர்த்தி வங்கியில் சின்னம்மாவின் சேமிப்பு இருக்கும், கட்டாயச் சேமிப்பு உட்பட. கொடுப்பனவு நின்றாலும் அந்தக் காசு அவருடையது. திணைக்களமும் வங்கிகளும் மூடப்படவில்லை. சமூகப் பாதுகாப்பு நிதி என்று பிறப்பு, திருமணம், வைத்தியசாலை, மரணம் இவற்றுக்குக் கொடுப்பது ஒன்று இருக்கிறது, சிப்தொரவும் அதோடு சேர்ந்ததுதான். ஏற்கெனவே புலமைப்பரிசில் பெறுகிற பிள்ளை என்றால் வலய சமுர்த்தி முகாமையாளரிடம் நேரே போய்க் கேளுங்கள். வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் கேளுங்கள்.

அம்மம்மாவின் விஷயம் வேறு. எழுபது வயதைத் தாண்டிய வறியவர்களுக்கு 2,000 ரூபா முதியோர் கொடுப்பனவு தனியாக இருக்கிறது. அது சின்னம்மாவின் பெயர் பட்டியலில் வருகிறதா என்பதைப் பொறுத்ததல்ல. பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்தைப் பார்க்கிறவரிடம் அவர் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.


ஈஸ்ட்ஹாம் சிவா | 2023 ஜூலை 3

லண்டனில் இருக்கிறேன், ஊர் வடமராட்சி. ஒரு விஷயத்தை யாரும் பேசுவதில்லை. எங்கள் ஊரில் பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருந்து காசு அனுப்புகிற வீடுகள் சமுர்த்தி எடுத்துக்கொண்டிருந்தன. அவர்கள் பெயர் இப்போது வெட்டுப்பட்டால் அது நியாயம்தானே? புள்ளி முறை வந்தது நல்லது என்றுதான் நினைக்கிறேன். மேன்முறையீடு என்று எல்லோரும் போட்டால் உண்மையான ஏழையின் கடிதம் அடியில் போய்விடும்.


வன்னிமகள் | 2023 ஜூலை 3

சிவா அண்ணா, வெளிநாட்டுக் காசு வருகிற வீடு வெட்டுப்படுவதை நானும் எதிர்க்கவில்லை. ஆனால் எங்கள் வன்னிப் பக்கம் அப்படி வீடுகள் குறைவு. 2019 வீட்டு வருமான செலவினக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை 14.3 வீதம், முல்லைத்தீவில் 44.5 வீதம். இலங்கையிலேயே அதுதான் கூடியது. வடமராட்சியில் நீங்கள் கண்ட வீட்டையும் புதுக்குடியிருப்பில் ஒரு விதவையின் வீட்டையும் ஒரே கண்ணால் பார்க்கக்கூடாது. இரண்டு வீட்டுக்கும் ஓட்டுக் கூரை இருக்கலாம். அனுப்புகிற பிள்ளை ஒரு வீட்டுக்குத்தான் இருக்கிறது.


தோட்டத்துப் பிள்ளை | 2023 ஜூலை 3

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். நீங்கள் சமுர்த்தி நின்றுவிட்டதே என்று பேசுகிறீர்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பில், சமுர்த்தி கிடைத்த வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். தோட்டத்தில் பேர் பதிந்து மாதச் சம்பளம் எடுக்கிறவர்கள், ஈ.பி.எஃப். என்ற சேமலாப நிதி இருக்கிறது என்று சொல்லி எங்களைத் தள்ளி வைத்திருந்தார்கள். அதே 2019 கணக்கெடுப்பில் தோட்டப்புற வறுமை 33.8 வீதம். நகரத்தில் 6 வீதம். சம்பளம் இருக்கிறது என்பதால் வறுமை இல்லை என்று யார் சொன்னது? நாள் சம்பளம் 1,000 ரூபா என்று 2021இல் அறிவித்தார்கள். கேட்கிற கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரைப் பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான்.

அதனால் அஸ்வெசும வந்தபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம். முதல் முறையாக எங்களையும் வந்து கேட்டார்கள். ஆனால் படிவம் லயத்தை நினைத்துச் செய்யப்படவில்லை. ஒரு காம்பிராவில் (அறையில்) அப்பா அம்மா, கலியாணம் முடித்த அண்ணன், அண்ணி, பிள்ளைகள் என்று இருக்கிறோம். இரண்டு அடுப்பு, ஒரே கதவு. இதை ஒரு குடும்பம் என்று எழுதுவதா, இரண்டு என்று எழுதுவதா? வந்தவர் ஒன்று என்று எழுதிவிட்டார். ஒரு குடும்பத்தில் இத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள் என்று ஆகிவிட்டது. வந்தவருக்குத் தமிழும் தெரியாது. அண்ணிதான் தெரிந்த சிங்களத்தில் பதில் சொன்னார்.

லயத்துக் கூரை தகரம், சுவர் கல். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய கல். அது நிரந்தரச் சுவர் என்றால், எங்கள் வீடு நல்ல வீடாகிவிடுகிறது.


தேனாட்டான் | 2023 ஜூலை 4

தம்பி, இது முக்கியமான விஷயம். அடுப்பு தனி, சமையல் தனி, செலவு தனி என்றால் அது தனிக் குடும்பமாகப் பதியப்பட வேண்டும். நாங்கள் அப்படித்தான் பதிந்தோம். உங்கள் அண்ணன் தனியாக விண்ணப்பித்தாரா, அல்லது அப்பாவின் பெயரில் ஒரே விண்ணப்பம் போனதா என்று பாருங்கள். ஒரே விண்ணப்பம் என்றால் மேன்முறையீட்டில் குடும்பப் பிரிப்பைக் கேட்க வேண்டும். கிராம சேவகரிடம் வதிவு உறுதி, வாக்காளர் இடாப்பில் அண்ணனின் பதிவு, தோட்ட நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம், மூன்றும் இருந்தால் நல்லது.

மொழி விஷயத்தை அப்படியே எழுதுங்கள். "கேள்விகள் எங்களுக்கு விளங்காத மொழியில் கேட்கப்பட்டன, பதில்கள் வாசித்துக் காட்டப்படவில்லை" என்று ஒரு வரி போதும். தமிழிலேயே எழுதலாம். அரச கந்தோரில் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை.


கல்முனை நானா | 2023 ஜூலை 5

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் சொல்ல வந்தது ஆட்சேபனை பற்றி. மேன்முறையீடு என்பது என்னை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பது. ஆட்சேபனை என்பது அவரை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பது. பட்டியலில் உள்ள ஒருவருக்கு எதிராக யாரும் போடலாம்.

எங்கள் ஊரில் இது பெரிய மனவருத்தமாகிக் கிடக்கிறது. ஒரே பள்ளிவாசல் ஜமாஅத், ஒரே ஒழுங்கை, ஆளுக்கு ஆள் முகம் பார்க்காமல் போகிறார்கள். யார் போட்டது என்று தெரியாததால் எல்லோரிலும் சந்தேகம். வசதியுள்ளவன் எடுக்கக்கூடாது, அது ஹக்கான, நியாயமான கதை. ஆனால் அதைக் கண்டுபிடிக்கிற வேலையை அரசாங்கம் அயலவனின் தலையில் போடலாமா?

அடுத்தது தோணி. எங்கள் மீனவர் ஒருவருக்கு இயந்திரத் தோணி இருக்கிறது, அது சொத்தாகப் பதியப்பட்டிருக்கிறது. போன வருடம் ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியது. அன்றிலிருந்து அந்த மனுஷன் கடலுக்குப் போவது பாதியாகக் குறைந்துவிட்டது. தோணி கரையில் வெயிலில் காய்கிறது. வாங்கிய கடன் இன்னும் கட்டி முடியவில்லை. படிவத்தின்படி அவர் சொத்துள்ளவர்.


பழைய உத்தியோகத்தர் | 2023 ஜூலை 5

நானா சொன்ன தோணிக் கதைதான் இந்த முறையின் மையமான குறை. தோணி, மாடு, லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், கல்வீடு எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவை. கடன், நோய், வேலையில்லாத மாதம் இவை கண்ணுக்குத் தெரியாதவை. கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும் எண்ணினால், ஐந்து வருடத்துக்கு முன் நன்றாக இருந்து நேற்று விழுந்தவன் பணக்காரனாகவே நிற்பான். 2022இல் இந்த நாட்டில் விழுந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான்.

படிவத்தை இப்படிச் செய்ததற்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கூலிக்காரனின் வருமானத்துக்குச் சான்று எதுவும் கிடையாது. கேட்டால் எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள். கூரையைப் பற்றிப் பொய் சொல்ல முடியாது. அதனால் உலகத்தில் பல நாடுகள் வீட்டையும் சொத்தையும் பார்த்து வறுமையைக் கணிக்கின்றன. கணிப்பு என்றால் பிழை வரும். அந்தப் பிழையைத் திருத்தத்தான் மேன்முறையீடு. அதற்குக் கொஞ்ச நாள் கொடுத்துவிட்டு, தோட்டத்திலும் கடற்கரையிலும் இருக்கிற சனத்தை இணையத்தில் போடச் சொல்வது போதாது.

நானா, அந்த மீனவருக்குச் சொல்லுங்கள். மீனவர் சங்கத்திடம் எத்தனை நாள் கடலுக்குப் போனார் என்று கடிதம் எடுக்கட்டும். தோணிக் கடனின் வங்கிச் சீட்டையும் இணைக்கட்டும்.


ஈஸ்ட்ஹாம் சிவா | 2023 ஜூலை 6

நான் எழுதியதற்கு வந்த பதில்களை வாசித்தேன். வெளிநாட்டுக் காசு எடுப்பவர்கள் பற்றி நான் சொன்னது சொன்னதுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் லயத்துக் கதையும் தோணிக் கதையும் எனக்குத் தெரியாதவை. தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு கேள்வி: லயத்தில் இருப்பவர்கள் இணையத்தில் போட வழி இருக்கிறதா? எங்கள் பழைய மாணவர் சங்கத்தால் யாரையாவது அனுப்பிப் படிவம் நிரப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன்.


தோட்டத்துப் பிள்ளை | 2023 ஜூலை 6

அண்ணே, காசு வேண்டாம், எழுதத் தெரிந்த ஆட்கள் வேண்டும். சிக்னல் கிடைக்க மேலே கோயில் வரை ஏற வேண்டும். நானும் ஏ.எல். எழுதிய இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து கையால் எழுதிக் கொடுக்கிறோம். வேலை முடிந்து வருகிறவர்களை இரவில் உட்காரவைத்துத்தான் கேட்க முடிகிறது. பெரிய சிக்கல் பெயர்தான். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, தோட்டத்துச் செக்ரோலில் (வேலைப் பதிவேட்டில்) இன்னொரு எழுத்து. சில வயதானவர்களுக்கு அடையாள அட்டையே இல்லை. அட்டை இல்லாவிட்டால் இந்த முறையில் ஆளே இல்லை.


வன்னிமகள் | 2023 ஜூலை 9

மேன்முறையீட்டைக் கொடுத்துவிட்டோம், முத்திரையோடு பிரதி கையில் இருக்கிறது. தேனாட்டான் தம்பி சொன்னபடி நான்கு விஷயம் மட்டும் எழுதினேன்: பெண் தலைமைக் குடும்பம், அம்மம்மாவின் நோய், மின் இணைப்பைப் பகிர்ந்த மாதங்கள், வீடு நன்கொடையாகக் கிடைத்தது. கிளினிக் கொப்பியின் பிரதி, பக்கத்து வீட்டுக்காரரின் கையெழுத்தோடு ஒரு கடிதம், வீட்டுத்திட்டப் பயனாளிக் கடிதம் மூன்றையும் இணைத்தேன். சின்னம்மா யுத்தத்தில் நடந்ததையும் எழுதச் சொன்னார். அதையும் இரண்டு வரியில் கடைசியில் சேர்த்தேன். அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.


தேனாட்டான் | 2023 ஜூலை 14

ஒரு தகவல். சமுர்த்தி எடுத்துக்கொண்டிருந்து அஸ்வெசுமவில் தெரிவாகாதவர்களுக்கு, மேன்முறையீடு முடியும்வரை பழைய கொடுப்பனவு தொடரும் என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. வன்னிமகள் அக்கா, சின்னம்மாவிடம் சொல்லுங்கள். பல ஊர்களில் சனம் தெருவில் இறங்கிக் கேட்டதால்தான் இது வந்தது.


கல்முனை நானா | 2023 செப்டம்பர் 4

ஆகஸ்ட் கடைசியில் முதல் கொடுப்பனவு வங்கிகளுக்கு வரத் தொடங்கியிருக்கிறது. இப்போது சிக்கல் வங்கியில். சமுர்த்தி என்றால் ஊருக்குள் இருக்கிற சமுர்த்தி வங்கியில் எடுத்துக்கொள்வார்கள். இப்போது அரச வங்கியில் கணக்குத் திறக்க வேண்டும், அதற்குப் பிரதேச செயலகத்தின் கடிதம் வேண்டும். எங்கள் பக்கம் பெண்கள் சுபஹ் தொழுதுவிட்டு வந்து வரிசையில் நிற்கிறார்கள். கைக்குழந்தையோடும் நிற்கிறார்கள். தெரிவான பிறகும் காசு கைக்கு வராத குடும்பங்கள் இருக்கின்றன.

நாடு முழுக்க மேன்முறையீடு ஒன்பது லட்சத்தைத் தாண்டிவிட்டதாம். இத்தனை பேர் பொய் சொல்ல மாட்டார்கள்.


பழைய உத்தியோகத்தர் | 2023 செப்டம்பர் 5

கணக்குத் திறக்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அஸ்வெசுமவில் பதிந்த பெயரும் அடையாள அட்டைப் பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் காசு திரும்பிப் போகும். வங்கிக்குப் போக முதல் பிரதேச செயலகத்தில் பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள். பிறகு திருத்துவது இரட்டை வேலை.


வன்னிமகள் | 2024 ஜனவரி 20

நீண்ட நாளாக எழுதவில்லை. சின்னம்மாவின் மேன்முறையீட்டை மறுபடி பார்த்தார்கள். வேறொருவர் வீட்டுக்கு வந்தார், இந்த முறை அம்மம்மாவும் வீட்டில் இருந்தார். பாதிப்புக்குள்ளாகக்கூடியவர் என்ற வகுப்பில், 5,000 ரூபாவுக்குத் தெரிவாகியிருக்கிறார்.

பழைய சமுர்த்தியைவிடக் கூடத்தான். நன்றி சொல்லத்தான் வேண்டும், இங்கே எழுதிய எல்லோருக்கும். ஆனால் எனக்கு விளங்காத ஒன்று இருக்கிறது. இந்த வகுப்புக்கு ஜூலை 31 என்று முடிவுத் திகதி போட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் 1ஆம் திகதி சின்னம்மாவின் வாழ்க்கையில் என்ன மாறப்போகிறது? தங்கச்சி அப்போதும் படித்துக்கொண்டுதான் இருப்பாள், அம்மம்மாவுக்கு வயது கூடியிருக்கும்.


பழைய உத்தியோகத்தர் | 2024 ஜனவரி 21

பிள்ளை, நல்ல செய்தி. திகதி பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. சமுர்த்தியில் ஒருவர் சாகும்வரை பட்டியலில் இருந்தார் என்பது குறை. அதைத் திருத்தப் போய் ஒருவரின் கஷ்டத்துக்குக் கலண்டரில் முடிவு குறித்துவிட்டார்கள். நெருக்கடியில் தற்காலிகமாக விழுந்தவர் எழும்பிவிடுவார் என்ற எண்ணத்தில் போட்டது. எழும்பினாரா என்று திரும்பிப் பார்த்த பிறகு நிறுத்துவதுதான் முறை. நிறுத்திவிட்டுப் பார்ப்பது அல்ல.

இப்போதே கிராம சேவகரிடம் உங்கள் நிலைமை மாறவில்லை என்று எழுதிக் கொடுத்து வையுங்கள். சின்னம்மா வறியவர் வகுப்பில் வர வேண்டியவர் என்பது என் கருத்து. மீளாய்வு வரும்போது அதே ஆதாரங்கள் வேண்டும். கொப்பியையும் கடிதங்களையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.


தோட்டத்துப் பிள்ளை | 2024 ஜனவரி 21

எங்கள் லயத்தில் நாங்கள் எழுதிக் கொடுத்த மேன்முறையீடுகளில் சிலது சரிவந்தது. அண்ணனின் குடும்பம் தனியாகப் பதியப்பட்டு 8,500இல் வந்திருக்கிறது. அப்பா அம்மாவுடையது வரவில்லை. காரணம் கேட்டால் யாரும் சொல்வதில்லை. எந்தக் குறிகாட்டியில் எத்தனை புள்ளி என்று ஒரு துண்டு கொடுத்தால் நாங்களே பார்த்துக்கொள்வோம். பிழை இருந்தால் காட்டுவோம், இல்லாவிட்டால் பேசாமல் இருப்போம். ஓ.எல். பரீட்சையில் தவறிய பிள்ளைக்குக்கூட எந்தப் பாடத்தில் தவறினான் என்று தெரியும்.


தேனாட்டான் | 2024 ஜனவரி 22

தம்பி சொன்னதை நான் முழுதாக ஆதரிக்கிறேன். இந்த முறையின் நல்ல பக்கம் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பது. அந்த அளவைக் காட்டாவிட்டால் அந்த நன்மை சனத்துக்குத் தெரியாது. பதிந்த தகவல் சரியா என்று குடும்பத்துக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தால் பாதி மேன்முறையீடு வந்திருக்காது. தகவல் அறியும் சட்டம் 2016இலிருந்து இருக்கிறது. உங்கள் குடும்பம் பற்றிப் பதிந்த தகவலைத் தரும்படி அந்தச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் போடுங்கள். எழுதித் தர நான் தயார், தனிமடலில் வாருங்கள்.


மாங்குளத்தான் | 2025 மார்ச் 8

பழைய இழையைத் தேடி வாசித்தேன், மிகவும் பயனாக இருந்தது. நாங்கள் முதல் கட்டத்தில் விண்ணப்பிக்கவே இல்லை. அப்போது அப்பா வேலை செய்துகொண்டிருந்தார். இப்போது சிறுநீரக நோய், வாரத்துக்கு இரண்டு முறை இரத்தம் சுத்திகரிக்க வவுனியாவுக்குப் போகிறோம். இரண்டாம் கட்டத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம். கணக்கெடுக்க வரும்போது எதைத் தயாராக வைத்திருக்க வேண்டும்? தொகைகள் இப்போது எவ்வளவு?


பழைய உத்தியோகத்தர் | 2025 மார்ச் 9

தம்பி, அப்பாவுக்குச் சுகம் கிடைக்க வேண்டும்.

தொகைகள் இந்த ஜனவரியிலிருந்து கூடியிருக்கின்றன. 8,500 என்றிருந்தது 10,000, 15,000 என்றிருந்தது 17,500. சிறுநீரக நோயாளர் கொடுப்பனவு தனி. 5,000 ஆக இருந்து 7,500 ஆனது, பெப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் அதை 10,000 ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதியோர் கொடுப்பனவையும் 3,000இலிருந்து 5,000 ஆக்குகிறார்கள். சிறுநீரகக் கொடுப்பனவுக்கு அஸ்வெசும முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள். வைத்திய அறிக்கையோடு பிரதேச செயலகத்துக்குப் போய் இப்போதே கேளுங்கள்.

கணக்கெடுக்க வருகிற நாள் அப்பா கிளினிக்கில் இருந்தாலும் அவருடைய கொப்பியின் பிரதி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். வன்னிமகளின் அம்மம்மாவுக்கு நடந்ததை வாசித்திருப்பீர்கள். எல்லோருடைய அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கடைசி மாதங்களின் மின் பட்டியல், கடன் சீட்டுகள், வவுனியாவுக்குப் போய்வருகிற செலவுத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பதிந்து முடிந்ததும் பதிந்ததை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டால் வாசிப்பார்கள். வாசிக்க மறுத்தால் வந்தவரின் பெயரையும் திகதியையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மேன்முறையீட்டில் அது தேவைப்படும்.


வன்னிமகள் | 2025 மார்ச் 9

மாங்குளத்தான் தம்பி, கணக்கெடுப்பு நாளில் வீட்டில் விவரம் சொல்ல ஆள் இல்லை என்றால் எனக்கு எழுதுங்கள். மாங்குளம் எனக்குத் தூரமில்லை, வந்து பக்கத்தில் இருக்கிறேன். சின்னம்மாவின் மேன்முறையீட்டுப் பிரதியும் என்னிடம் இருக்கிறது, பெயரையும் இலக்கங்களையும் மறைத்துவிட்டு இன்றிரவு இங்கே பதிவேற்றுகிறேன். அதைப் பார்த்து எழுத விரும்புகிறவர்கள் எழுதிக்கொள்ளலாம்.